கடலோரப் பட்டறையில் அலுமினியம் டிக் வெல்டிங்: 5083 டீசல் டேங்க் செய்ய முழுமையான வழிகாட்டி

கேட், கிரில், ஷட்டர் என்று இரும்பில் பத்து வருடம் கை பழகியவர்கள்தான் அலுமினியத்துக்கு வரும்போது அதிகம் தடுமாறுகிறார்கள். இரும்பில் கொஞ்சம் துருவோ எண்ணெயோ இருந்தாலும் ராடின் மேல்பூச்சு உருகி அழுக்கைக் கசடாக மேலே தள்ளிவிடும். அலுமினியத்தை டிக் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் எழுப்பி, ஆர்கான் வாயு மறைப்பில் செய்யும் வெல்டிங்) அடிக்கும்போது அந்த உதவி கிடையாது. உள்ளே விட்டது உள்ளேயே தங்கும். அதனால் இந்த வேலையின் பெரும்பகுதி ஆர்க் அடிக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. கீழே வரும் படிகளில் பாதி அதைப் பற்றித்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு ஜாப்: 900 × 500 × 400 மி.மீ. அளவில், சுமார் 180 லிட்டர் பிடிக்கும் விசைப்படகு டீசல் டேங்க். 4 மி.மீ. 5083 (மக்னீசியம் கலந்த அலுமினிய அலாய்) பிளேட், நடுவில் ஒரு தடுப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ உப்புத் தண்ணீரில் வருடம் முழுக்கக் கிடக்கப்போகும் பொருள். 6061-இல் பிராக்கெட், பைப் வேலை செய்பவர்களுக்கும் இதே வரிசைதான். மாறும் இடங்களைச் சொல்லியிருக்கிறேன்.

1. கையில் இருப்பது எந்த அலாய்?

பிளேட்டை வாங்கும்போதே சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில் வார்ப்பு எண் இருக்கும். பிளேட்டில் மையால் அச்சிட்ட எண்ணோடு அது பொருந்த வேண்டும். வெட்டும்போது அச்சு உள்ள முனையைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். புதியவர்கள் அச்சுள்ள பக்கத்திலிருந்தே வெட்டத் தொடங்குவார்கள். மீதித் துண்டு பெயரில்லாமல் மூலையில் கிடக்கும். ஆறு மாதம் கழித்து வேறு ஜாப்பில் ஏறிவிடும்.

5083-இல் மக்னீசியம் 4.0 முதல் 4.9 சதவீதம், மாங்கனீஸ் 0.4 முதல் 1.0 சதவீதம். கடல்நீரைத் தாங்குவதற்குப் பேர்போனது. படகு வேலைக்கு எச்116 பதத்தில் (கடல் வேலைக்கான கெட்டித்தன்மை) கேளுங்கள். 6061-இல் மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்து வேலை செய்கின்றன. டி6 என்றால் சூடாக்கிக் குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் வைத்துக் கெட்டிப்படுத்தியது. ஜன்னல், பார்ட்டிஷனுக்கு வரும் செக்ஷன் பெரும்பாலும் 6063. பயிற்சிக்கு எடுக்கலாம், ஆனால் மேலே இருக்கும் அனோடைஸ் படலத்தை முழுக்கச் சுரண்டிய பிறகே. அந்தப் படலம் மின்சாரம் கடத்தாது. ஆர்க் அலைபாயும்.

"ஏர்கிராஃப்ட் அலுமினியம்ணே, நல்ல கெட்டி" என்று யாராவது தந்தால் நிதானியுங்கள். 2024, 7075 இரண்டையும் ஆர்க்கில் வெல்டு செய்ய முயலக் கூடாது. மேலே பார்க்க அழகாக வரும். ஆறும்போதே உள்ளே விரிசல் விடும், சில நேரம் நாட்கள் கழித்தும் விடும். விமான உடலில் இவற்றை ரிவெட் அடித்து இணைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். செம்பு கலந்தாலே வெல்டு ஆகாது என்பதும் சரியில்லை. 2219-இல் சுமார் 6.3 சதவீதம் செம்பு இருந்தும், 2319 ஃபில்லரோடு (வெல்டில் உருக்கிச் சேர்க்கும் ராடு) நன்றாக வெல்டு ஆகும். இஸ்ரோவின் கிரையோஜெனிக் எரிபொருள் டேங்குகள் அந்த அலாயில்தான் செய்யப்படுகின்றன. எண் தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சான்றிதழ் இல்லாத துண்டுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு மூலையைப் பளபளவெனத் தேய்த்து, காஸ்டிக் சோடா கரைசல் (100 மி.லி. தண்ணீரில் 10 முதல் 15 கிராம்) ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கறுத்தால் செம்பு உள்ள வகை, வெல்டிங்குக்கு வேண்டாம். வெளுப்பாகவே இருந்தால் 5000 வரிசையாக இருக்க வாய்ப்பு அதிகம். 5083-ஐயும் 5052-ஐயும் இது பிரித்துக் காட்டாது. டேங்க் மாதிரி வேலைக்குச் சான்றிதழ் இல்லாத பிளேட்டே கூடாது. கரைசலைக் கையாளும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

ஏ.சி./டி.சி. இன்வெர்ட்டர் டிக் மெஷின், 200 ஆம்ப். டி.சி. மட்டும் உள்ள மெஷின் இந்த வேலைக்கு உதவாது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கும். உலோகம் 660 டிகிரியில் உருகும். அந்தத் தோலுக்கு 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏ.சி.யின் ஒரு பாதி அலை தோலை உடைக்கிறது, மறுபாதி உலோகத்தை உருக்குகிறது.

150 ஆம்ப்ஸில் ஓட்டும்போது 230 வோல்ட் லைனிலிருந்து இந்த மெஷின் ஏறத்தாழ 20 ஆம்ப் இழுக்கும். வீட்டு வகை 16 ஆம்ப் பிளக் சூடாகி உருகும். 32 ஆம்ப் சாக்கெட்டும் 4 சதுர மி.மீ. ஒயரும் போடுங்கள்.

டார்ச்சில் 26 எண் ஏர்-கூல்டு போதும் என்று நினைப்பார்கள். அதன் மேல் எழுதியிருக்கும் 200 ஆம்ப் டி.சி.க்கு உரியது; ஏ.சி.யில் 150-ஐத் தாண்டினால் கைப்பிடி சுடும். டேங்க் போன்ற நீள வேலைக்கு வாட்டர்-கூல்டு டார்ச் நல்லது.

டங்ஸ்டன் 2.4 மற்றும் 3.2 மி.மீ. இன்வெர்ட்டருக்குத் தங்க நிற அல்லது நீல நிற முனை (லாந்தனம் கலந்தது). பச்சை முனை பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினுக்கு உரியது. சிவப்பு முனையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் உள்ள அதே தோரியம்தான். முனையைத் தீட்டும்போது எழும் தூசி மூச்சில் போனால் கதிர்வீசும் துகள் நுரையீரலுக்குள்ளேயே தங்கும்.

ஆர்கான் 99.995 சதவீதத்துக்குக் குறையாத தூய்மை. மிக் மெஷினுக்கு வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு கலவையை மாட்டினால் டங்ஸ்டன் சில நொடியில் எரிந்து கருகும். 7 கன மீட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் கணக்கில், சுமார் 11 மணி நேர ஆர்க்குக்கு வரும். கடைசி 10 பார் வரும்போது மாற்றிவிடுங்கள். அழுத்தம் குறையக் குறைய, உள்சுவரில் ஒட்டியிருந்த ஈரம் வாயுவோடு வெளியேறும்.

இவை தவிர: அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய எஸ்.எஸ். கை பிரஷ் இரண்டு, அசிட்டோன், வெள்ளைப் பருத்தித் துணி, கார்பைடு பர் (சுழன்று தோண்டும் முனை), அலுமினியத்துக்கான ஃபிளாப் டிஸ்க், 11 முதல் 12 ஷேடு கண்ணாடி உள்ள ஹெல்மெட்.

3. ஃபில்லர் ராடு: இங்கே தவறினால் பின்னால் திருத்த முடியாது

5083-க்கு 5183 அல்லது 5356. 5083-ஐயும் 6061-ஐயும் சேர்க்க 5356. 6061-ஐ 6061-ஓடு சேர்க்க 4043 அல்லது 5356.

கடையில் சுலபமாகக் கிடைப்பது 4043. அது நன்றாக ஓடும், பழகுபவர்களுக்குக் கைக்கு இதமாக இருக்கும். அதையே 5083-இல் போட்டுவிடுகிறார்கள். 4043-இன் சிலிக்கனும் 5083-இன் மக்னீசியமும் சேர்ந்து வெல்டுக்குள் மக்னீசியம் சிலிசைடாக நொறுங்கும் தன்மையுள்ள ஒரு வலையைக் கட்டும். பட்டறையில் கசிவு தெரியாது. அலையில் படகு குலுங்கும்போது தையல் பிளக்கும்.

6061-இல் வேறொரு பொறி. ஃபில்லர் இல்லாமல் விளிம்புகளை மட்டும் உருக்கிச் சேர்த்தால் நடுவில் நீளமாக விரிசல் ஓடும். அதன் மக்னீசியம்-சிலிக்கன் அளவு சூட்டு விரிசலுக்கு மிக ஏதுவான இடத்தில் இருக்கிறது. 'வி' வெட்டி, போதுமான ஃபில்லர் கலந்தால்தான் அந்த இடத்தை விட்டு விலகும்.

இன்னொரு எல்லை: மக்னீசியம் 3 சதவீதத்துக்கு மேல் உள்ள 5083, 5183, 5356 எல்லாமே 65 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் சூட்டில் இருந்தால், உலோக மணிகளின் ஓரங்களில் மக்னீசியம் சேர்ந்து அரிப்பு விரிசலுக்கு இடம் கொடுக்கும். டேங்க் புகைக்குழாயை ஒட்டி வருமானால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். மாற்ற வழியே இல்லையென்றால் மக்னீசியம் குறைந்த 5052-க்குப் போய், அதற்கேற்ற ஃபில்லரை எடுக்க வேண்டும்.

4. ஈரம்: இந்த மாவட்டத்தின் முதல் எதிரி

வெல்டுக்குள் குண்டூசித் தலை போலத் துளைகள் வருவதற்கு ஹைட்ரஜன் காரணம். அது வருவது தண்ணீர், எண்ணெய், வியர்வையிலிருந்து. உருகிய அலுமினியம், கெட்டியானதைவிட ஏறக்குறைய 20 மடங்கு ஹைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறையும் நொடியில் அத்தனையும் குமிழாக வெளியேறப் பார்க்கும்; பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழை. வறண்ட மாதம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. 28 டிகிரி சூடும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண நாளில் பனி படியும் நிலை சுமார் 25 டிகிரி. இரவெல்லாம் சிமென்ட் தரையில் கிடந்து குளிர்ந்த பிளேட் அதற்குக் கீழே போய்விடும். காலையில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் அதன் மேல் இருக்கும். ஏ.சி. அறையிலிருந்து எடுத்து வந்த ராடுக்கும் இதே கதிதான்.

ஆகவே பிளேட்டுகளைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். இடையில் தண்ணீர் புகுந்தால் வெள்ளைக் கறை பிடிக்கும், அந்தக் கறையே ஈரத்தைப் பிடித்து வைக்கும். மரச்சட்டத்தில் நிற்க வைத்து இடைவெளி விடுங்கள். ராடுகளை மூடியுள்ள பி.வி.சி. குழாயில், சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வையுங்கள். மேலே வெள்ளை மாவு பூத்த ராடைத் தூக்கிப் போட மனம் வராது; போட்டுத்தான் ஆக வேண்டும்.

வாயு ஹோஸ் சாதாரண ரப்பராக இருந்தால் இரவோடு இரவாக ஈரம் அதன் சுவர் வழியே உள்ளே ஊறும். ஈரம் ஊறாத வகை ஹோஸுக்கு மாறுங்கள். மழைக்காலக் காலையில் முதல் ஆர்க்குக்கு முன் இரண்டு நிமிடம் ஆர்கானை ஓடவிட்டு ஹோஸுக்குள் இருக்கும் ஈரத்தை வெளியேற்றுங்கள்.

5. வெட்டுதல், மடித்தல்

கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பம் சுத்தமாக வெட்டும். எண்ணெய் ஊற்றாமல், தேவையானால் மெழுகு தடவுங்கள். இரும்பு வெட்டிய கட்டிங் டிஸ்க்கை இதில் தொடவே கூடாது. அதன் பசையும் இரும்புத் துகளும் அலுமினியத்தில் புதைந்து, பிறகு உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும். பிளாஸ்மாவில் வெட்டினால் 6061-க்கு விளிம்பிலிருந்து 3 மி.மீ. சீவி எடுங்கள், அந்த ஓரத்தில் நுண்விரிசல்கள் இருக்கும். 5083-க்குக் கருகிய பகுதி போகும்வரை சீவினால் போதும்.

முடிந்தவரை தையலைக் குறைக்க, அடியையும் இரு பக்கங்களையும் ஒரே பிளேட்டில் 'ப' வடிவில் மடியுங்கள். 4 மி.மீ. 5083-க்கு மடிப்பின் உள் ஆரம் 12 மி.மீ. வைத்தால் பாதுகாப்பு. கூர்மையாக மடித்தால் வெளிப்பக்கம் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகி விரிசல் தொடங்கும்.

தடுப்புப் பிளேட்டின் நான்கு மூலைகளையும் 40 மி.மீ. சாய்வாக வெட்டிவிடுங்கள். கீழே டீசலும் மேலே காற்றும் போய் வர வேண்டும். மூலை வெல்டுகளும் ஒன்றோடொன்று மோதாது.

6. சுத்தம் செய்யும் வரிசை

இந்த ஒரு படியில் வரிசை மாறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயன் இல்லை.

முதலில் நல்ல தண்ணீர். கடற்கரைப் பட்டறையில் சும்மா நின்ற பிளேட்டிலும் உப்பு படிந்திருக்கும். அசிட்டோனில் எண்ணெய் கரையும், உப்பு கரையாது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலிலோ சூடான காற்றிலோ முழுக்க உலர்த்துங்கள்.

இரண்டாவது அசிட்டோன். வெள்ளைத் துணியில் நனைத்து ஒரே திசையில் துடைத்து, துணியைத் திருப்பித் திருப்பி, கறை ஏறாத வரை. பிரேக் கிளீனர் போன்ற குளோரின் உள்ள கரைப்பான்கள் பட்டறைக்குள்ளேயே வரக் கூடாது. ஆர்க்கின் புறஊதா ஒளியில் அவற்றின் ஆவி நச்சு வாயுவாக மாறும்.

மூன்றாவதுதான் பிரஷ். பலர் இதை முதலில் செய்கிறார்கள். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால், பிரஷ் போடும் கீறல்களுக்குள் எண்ணெயைத் திணித்து மேலே உலோகத்தால் மூடிவிடும். பிறகு அசிட்டோன் அங்கே எட்டாது. விளிம்பிலிருந்து இரு பக்கமும் 25 மி.மீ., வெட்டு முகத்திலும் அடிப்பக்கத்திலும், லேசான கையால் ஒரே திசையில் தேய்க்கவும். கிரைண்டரில் மாட்டும் சுழல் பிரஷ் வேகத்தில் ஆக்சைடை உலோகத்துக்குள் மெழுகிவிடுகிறது.

ராடையும் அசிட்டோன் துணியால் ஒருமுறை உருவி எடுங்கள். வெல்டர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

தேய்த்த பிறகு வெறும் கை படக் கூடாது. அதே வேளையில், மழைக்காலத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், வெல்டு முடிய வேண்டும். சாப்பிட்டு வந்து தொடங்கினால் மறுபடி அசிட்டோனிலிருந்து ஆரம்பியுங்கள்.

7. மெஷினில் வைக்க வேண்டிய அளவுகள்

ஆம்பியருக்கு மி.மீ.க்கு 40 என்பது தொடக்கக் கணக்கு. 4 மி.மீ. தட்டு இணைப்புக்கும் 'டி' மூலைக்கும் 160 முதல் 180. வெளி மூலைத் தையலுக்கு 130 முதல் 150 போதும், சூடு ஓட அங்கே உலோகம் குறைவு.

டங்ஸ்டன் 150 வரை 2.4 மி.மீ., அதற்கு மேல் 3.2. நீளவாக்கில் தீட்டி நுனியைச் சிறிது மழுக்குங்கள். ஓட்டும்போது நுனி தானாகச் சிறு உருண்டையாகும். உருண்டை டங்ஸ்டனின் விட்டத்தைத் தாண்டிப் பெருத்தால் பாலன்ஸ் (ஏ.சி. அலையின் இரு பாதிகளுக்கும் உள்ள பங்கு) தவறு.

பாலன்ஸில்தான் குழப்பம் அதிகம். ஊடுருவும் பக்கம் 70, சுத்தம் செய்யும் பக்கம் 30 என்று தொடங்க வேண்டும். சில மெஷின்கள் திரையில் 70 என்றும், சில 30 என்றும் காட்டும், இரண்டும் ஒன்றே. கையேட்டைப் பாராமல் எண்ணை மட்டும் வைத்தால் தலைகீழாகிவிடும்; டங்ஸ்டன் உருகிச் சொட்டுவது அதன் அறிகுறி. வெல்டின் இருபுறமும் 2 முதல் 3 மி.மீ. வெண்மையான பட்டை தெரிந்தால் சரியாக இருக்கிறது.

அலைவரிசை 100 முதல் 120 ஹெர்ட்ஸ். மூலைகளில் ஆர்க் சிதறாமல் நிற்கும். 7 அல்லது 8 எண் கப் (டார்ச் முனையில் வாயு வரும் வாய்), ஆர்கான் நிமிடத்துக்கு 9 முதல் 12 லிட்டர். ஆர்க் அணைந்த பின் வாயு 10 ஆம்புக்கு ஒரு நொடி என்ற கணக்கில், இங்கே 15 முதல் 18 நொடி.

காற்றைப் பற்றி ஒன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தப் பக்கத்துப் பட்டறையில் கதவைத் திறந்து வைத்து டிக் அடிக்க முடியாது. நொடிக்கு 2 மீட்டர் காற்றே ஆர்கான் போர்வையைக் கலைக்கப் போதும். உடனே வாயுவைக் கூட்டுவார்கள். 18, 20 லிட்டருக்குப் போனால் வாயு சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், நிலைமை இன்னும் மோசமாகும். தார்ப்பாய் மறைப்புதான் தீர்வு. ஆர்கான் காற்றைவிடக் கனமானது; அது கீழே தேங்காதபடி மறைப்பின் அடிப்பகுதியில் இடைவெளி விடுங்கள்.

8. டேக் வைத்தல்

அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். டேக் (தையலுக்கு முன் இடையிடையே வைக்கும் சிறு பிடிப்பு வெல்டு) தள்ளித் தள்ளி இருந்தால் தையல் மூடுவதற்குள் இடைவெளி வாய் பிளக்கும். 4 மி.மீ.க்கு 60 மி.மீ. இடைவெளியில் ஒவ்வொன்றும் 10 முதல் 15 மி.மீ. நீளம். முனைகளில் தொடங்காமல் நடுவிலிருந்து இரு பக்கமும் போங்கள்.

பெட்டி மூலைகளில் வெளி விளிம்பு விளிம்போடு தொடுமாறு வையுங்கள். தானாகவே ஒரு 'வி' பள்ளம் கிடைக்கும், அடிவரை உருகுவது எளிது. ஒவ்வொரு டேக்கின் இரு முனைகளையும் பர்ரால் சாய்வாகச் சீவுங்கள். சீவாத டேக்கின் ஓரம்தான் பின்னால் கசியும் இடம்.

தடுப்பை அடியோடும் பக்கங்களோடும் முதலில் முடித்து, பிறகு மூடி. மூடியில் தடுப்பின் மேல் வருமாறு 8 × 30 மி.மீ. துளைகள் இரண்டு போட்டு நிரப்பினால் மூடி உப்பாது.

9. தையல் ஓட்டுதல்

டார்ச்சைப் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் 10 முதல் 15 டிகிரி சாய்த்து, முன்னோக்கித் தள்ளி ஓட்டுங்கள். ஆர்க் நீளம் டங்ஸ்டன் விட்டத்துக்கு மேல் வேண்டாம். ராடு 15 டிகிரியில், கிடையாக.

ஆர்க் அடித்ததும் ராடை நீட்டாதீர்கள். முதலில் மங்கலாக இருக்கும் இடம், திடீரென்று கண்ணாடி போலப் பளிச்சென்று மின்னும். அதுவே தோல் உடைந்து உருகிய உலோகக் குளம் உருவான கணம். மூன்று நான்கு நொடியில் அது வர வேண்டும். ஐந்தைத் தாண்டினால் ஆம்பியர் போதாது. மெதுவாகச் சூடாக்கிக் காத்திருப்பது பிளேட் முழுவதையும் சூடேற்றி வளைக்கும். 6061-டி6-இல் இதன் விலை இன்னும் அதிகம். டி6 தந்த வலுவை வெல்டின் ஓரம் இழக்கிறது: 290-க்கு மேல் இருக்கும் இழுவலு, ஓரத்தில் 165 மெகாபாஸ்கல் என்றே கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆகவே பிராக்கெட் வடிவமைக்கும்போது, அதிகப் பாரம் வரும் இடத்தில் தையல் விழாதபடி வையுங்கள்.

குளத்தின் முன் ஓரத்தில் ராடைத் தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து முன்னேறுங்கள். எடுக்கும்போது ராடு முனை ஆர்கான் போர்வையை விட்டு வெளியே வரக் கூடாது. வெளியே வந்த சூடான முனை ஆக்சைடு பிடித்து, அடுத்த தொடுதலில் அதைக் குளத்துக்குள் கொண்டு போகும்.

100 மி.மீ. போனதும் பிளேட் சூடேறியிருக்கும், குளம் அகலமாகும். பெடலில் ஆம்பியரைத் தணியுங்கள், அல்லது வேகம் கூட்டுங்கள். தொடர்ந்து ஓட்டாமல் எதிரெதிர் மூலைகளில் மாறி மாறி ஓட்டினால் பெட்டி முறுக்காது. அடுத்த ஓட்டத்துக்கு முன் பிளேட் கை வைக்கும் சூட்டுக்கு வரட்டும். 5083-க்கு முன்சூடு தேவையில்லை.

முடிக்கும்போது சட்டென்று அணைத்தால் நடுவில் நட்சத்திர வடிவ விரிசல் விழும். ஆம்பியரை மூன்று நான்கு நொடியில் இறக்கி, அதனிடையே இரண்டு முறை ராடு சேர்த்துக் குழியை நிரப்புங்கள். வாயு நிற்கும்வரை டார்ச்சை அங்கேயே பிடித்திருங்கள்.

10. தவறு எங்கே என்று கண்டுபிடித்தல்

சீராகச் சிதறிய சிறு துளைகள்: ஈரம் அல்லது எண்ணெய். ஹோஸ், ராடு, பிளேட் என்று இந்த வரிசையில் பாருங்கள். ஒரே கோட்டில் வரிசையாகத் துளைகள் வந்தால் விளிம்பு முகத்தைச் சுத்தம் செய்யவில்லை.

மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள்: ஆக்சைடு போகவில்லை. முதலில் பிரஷ், அதன் பிறகும் வந்தால் மட்டும் சுத்தப் பக்கத்தை 5 சதவீதம் கூட்டுங்கள். அழுக்கை பாலன்ஸால் சரிக்கட்டப் பார்த்தால் டங்ஸ்டன்தான் போகும்.

டங்ஸ்டன் குளத்தைத் தொட்டுவிட்டால் நிறுத்துங்கள். டங்ஸ்டனை உடைத்து மறுபடி தீட்டி, வெல்டில் தொட்ட இடத்தையும் பர்ரால் தோண்டி எடுங்கள். அப்படியே தொடர்ந்தால் அந்தத் துணுக்கைச் சுற்றி அரிப்பு தொடங்கும்.

மேலே அழகு, அடியில் ஒட்டவில்லை: இதுதான் கண்ணை ஏமாற்றும் குறை. ஒவ்வொரு நாளும் முதல் ஜாப்புக்கு முன், அதே பிளேட்டின் 100 மி.மீ. துண்டுகள் இரண்டை 'டி' ஆக ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்து, சுத்தியலால் மடக்கி உடையுங்கள். உடைந்த முகத்தில் அடிமூலைவரை உருகிக் கலந்திருக்கிறதா, துளை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை.

11. கசிவுச் சோதனை

0.2 பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கக் கூடாது. கம்ப்ரசரை நேரடியாக மாட்டி "கொஞ்சம் காத்து அடிப்போம்" என்பது உயிர் போகும் வேலை. 900 × 500 மி.மீ. முகத்தில் 0.2 பாரே 900 கிலோவுக்கு மேற்பட்ட விசையாகத் தள்ளும்.

பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. ஐந்து மீட்டர் ஒளி ஊடுருவும் ஹோஸை 'U' வடிவில் சுவரில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டேங்கோடு இணையுங்கள். சைக்கிள் பம்பால் மெதுவாக அடியுங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 2 மீட்டர் வித்தியாசம் வந்தால் 0.2 பார். திறந்த முனையை அந்த மட்டத்துக்குச் சற்று மேலே முடித்து வைத்தால், அழுத்தம் மீறும்போது தண்ணீர் வெளியே கொட்டி எச்சரிக்கும். தையல் முழுவதும் சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள். பிறகு வால்வை மூடி 10 நிமிடம் மட்டம் இறங்காமல் நிற்க வேண்டும். டேங்க் மேல் வெயில் பட்டால் மட்டம் தானாக ஏறும், நிழலில் செய்யுங்கள்.

கசியும் இடத்தின் மேல் இன்னொரு வெல்டு போட்டு மூடாதீர்கள். தோண்டி எடுத்து, அசிட்டோனிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பழுதுக்கு வரும் பழைய டேங்க் வேறு விஷயம். வள்ளத்து அவுட்போர்டு எஞ்சினின் மண்ணெண்ணெய் டேங்கானாலும், டீசல் டேங்கானாலும், காலியாக இருப்பதே ஆபத்து. மிச்ச ஆவி ஆர்க்கில் வெடிக்கும். சோப்பும் வெந்நீரும் கொண்டு பலமுறை கழுவி, வெல்டு செய்யும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மேலிருக்கும் வெற்றிடத்தை ஆர்கானால் துரத்தி, ஒரு வாயைத் திறந்து வைத்த பிறகே தொட வேண்டும்.

12. படகில் பொருத்தும்போது

நல்ல வெல்டு செய்த டேங்க் ஒரே வருடத்தில் அடியில் ஓட்டையாவது பெரும்பாலும் பொருத்திய விதத்தால். ஈரம் குடிக்கும் மரத்தின் மேலோ ஃபோம் மேலோ நேரடியாக உட்கார வைத்தால், இடையில் சிக்கிய உப்புநீர் காற்றோட்டமில்லாமல் குழி பறிக்கும். ஈரம் உறிஞ்சாத பிளாஸ்டிக் பட்டைகளின் மேல், அடியில் குறைந்தது 6 மி.மீ. காற்று போக இடம் விட்டு வையுங்கள்.

பித்தளை வால்வு, செம்புக் குழாய் இரண்டையும் அலுமினியத்தில் நேராகத் திருகக் கூடாது. உப்புநீர் பட்டால் மின்கலம் போலாகி அலுமினியமே கரையும். 316 எஸ்.எஸ். வால்வு போடுங்கள். எஸ்.எஸ். போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நைலான் வாஷரும் போல்ட்டின் உடலைச் சுற்றி நைலான் புஷ்ஷும் வேண்டும். வாஷரை மட்டும் போட்டு புஷ்ஷை விட்டால் துளைக்குள் உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பட்டறையைக் கூட்டும்போது அலுமினியத் தூளையும் இரும்புத் தூளையும் ஒரே தொட்டியில் போடாதீர்கள். இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் கலந்த குவியலில் ஒரு பொறி விழுந்தால் தண்ணீரால் அணைக்க முடியாத நெருப்பு வரும். இரண்டுக்கும் தனித்தனி மூடிய வாளி, அலுமினிய வாளி எப்போதும் உலர்ந்ததாக.